ஏழு வெட்டு

உக்காரலாமா அண்ணாச்சி? ஆள் யாரும் இல்லையே? நல்லதாப் போச்சு. முகம் மட்டும் வழிச்சு விடுங்க, தலைமுடி வேண்டாம். மீசையில கை வைக்காதீங்க, அது அப்படியே இருக்கட்டும். பத்தரைக்குக் கோர்ட்டுக்குப் போவணும்.

கேஸா? ஆமா, கேஸுதான். என் கேஸுதான். சொல்லுதேன், நீங்க நொரையப் போடுங்க.

சட்டை ஈரமா இருக்குன்னு பாக்கீங்களா? வர்ற வழியில ஒரு பம்புசெட்டுல குளிச்சேன். கழட்டத் தோணல, சட்டையோடயே எறங்கிட்டேன். அந்தப் பைய நகட்ட வேண்டாம். என் கால்மாட்டுலயே இருக்கட்டும்.

கோர்ட்டுக்குப் போறவன் முகத்த வழிச்சுட்டுப் போவணும். அத எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு வக்கீல் குமாஸ்தா, பால்வண்ணம்னு பேரு. தாடியோட போனா ஜட்ஜு காகிதத்தப் பாத்தே அனுப்பிருவாரு, வழிச்சுட்டுப் போனா, இவனா செஞ்சான்னு ஒரு தடவையாவது நிமிந்து பாப்பாருன்னு சொன்னாரு. இருபத்திரண்டு வருசம் ஆச்சு. அன்னைக்கு அந்த ஜட்ஜு நிமிந்து பாத்தாரு அண்ணாச்சி. மேலயும் கீழயும் பாத்தாரு. அதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிப் பாத்தது கெடையாது.

என் பேரு கொம்பையா. தென்கரைப்பட்டி கொம்பையான்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லையா? சரி, நீங்க டவுன்காரரு. எங்க பக்கம் வந்து கேட்டுப் பாருங்க. ஆவுடையப்பன வெட்டுன கொம்பையாம்பான். டீக்கடைக்குள்ள நான் காலெடுத்து வச்சா பெஞ்சுல இடம் தன்னால வரும். ரெண்டு வீட்டுக்காரன் வேலித் தகராறுல முட்டிக்கிட்டு நின்னா என்னையத்தான் கூப்பிடுவான். நான் போயி ஒண்ணும் பேச மாட்டேன். மீசையத் தடவிக்கிட்டு நிப்பேன். அடங்கிரும்.

அதுக்கு முன்னால நான் யாரு? பூனை. ஊர்ல எனக்குப் பட்டப்பேரு பூனை. முதலாளி செங்கச்சூளையில டிராக்டர் ஓட்டிக்கிட்டு இருந்தேன். கோழி அறுக்கச் சொன்னாக் கை நடுங்கும். கோயில் கொடையில கெடா வெட்டும்போது கண்ண மூடிக்கிடுவேன். ஊரே சிரிக்கும். என் பொண்டாட்டி பேச்சியம்மாளும் சேந்துதான் சிரிப்பா. மத்தவன் சிரிச்சத மறந்துட்டேன். அவ சிரிச்சத மறக்கல.

அந்தப் பூனைதான் ஆவுடையப்பன வெட்டுனான். ஆறடி ஆளு அண்ணாச்சி அவரு. குளத்து மீன் குத்தகையில எங்க முதலாளியோட மோதுனவரு. உச்சி வெயிலு. மடைக்கிட்ட சைக்கிள உருட்டிக்கிட்டு வாறாரு, செயின் கழண்டுபோச்சு. நான் உடமரத்துக்குப் பின்னால நிக்கேன். மொத வெட்டு இடது தோளு. சைக்கிளு விழுது. ரெண்டாவது, தடுக்க வந்த கை. மூணாவது அதே கையில மணிக்கட்டு. நாலு விலா. அஞ்சு தொடை. முட்டி போட்டுட்டாரு. ஆறாவது கழுத்து, ஆனா ஆழமில்ல. அப்பத்தான் நிமிந்து என் மூஞ்சியப் பாத்தாரு. 'கொம்பையா, நீயா'ன்னாரு. கண்ணுல அப்படி ஒரு பயம். அந்த ஊர்ல பூனைன்னு சொல்லாம என் பேரச் சொன்ன பெரிய மனுசன் அவருதான். அப்புறம் ஏழாவது.

ஏன் நிறுத்திட்டீங்க? வழிங்க. பழைய கதைதான், தண்டனையும் அனுபவிச்சாச்சு. பதிமூணு வருசம் உள்ள இருந்தேன். 'கொம்பையா நீயா', அந்த ஒரு சொல்லு இருந்துச்சு, அதனால பதிமூணு வருசமும் சோறு எறங்குச்சு.

இப்ப ஊர்ல என்ன சொல்லுதாங்க தெரியுமா? நான் வெட்டலையாம்.

வெட்டுனது முதலாளி தம்பி ராசதுரையாம். கொம்பையா அவருக்குப் பதிலாப் போனவனாம். எறும்பு செத்தாக்கூட அழுவானாம். இத யாரு சொன்னதுன்னு கேளுங்க. ராசதுரையே சொன்னாரு. அவருக்குப் போன வருசம் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து போச்சு. சாவு பயம் வந்துட்டா மனுசனுக்கு வாய் நிக்காது. ரெண்டு பேரு தூக்க, ஆவுடையப்பன் பொண்டாட்டி வீட்டு வாசல்ல போயி விழுந்து, நான்தான் தாயி, நான்தான் செஞ்சேன், கொம்பையா பாவம்னு அழுதிருக்காரு. ஊரே நின்னு பாத்திருக்கு. அந்தம்மா கதவச் சாத்திட்டாளாம்.

நீங்க கேக்க வர்றது புரியுது. உண்மை என்னங்கீங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். உள்ளதச் சொல்லுதேன்.

ராசதுரைக்கு அப்ப கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. முதலாளி என்னைய வீட்டுக்குள்ள கூப்பிட்டாரு. அடுக்களை வாசல் வழியா இல்ல, முன்வாசல் வழியா. 'கொம்பையா, தம்பிக்குப் பதிலா நீ போ. உன் குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்'னாரு. எங்க பக்கம் நடக்கறதுதான். பெரிய வீட்டுல வெட்டுவான், சின்ன வீட்டுல இருந்து ஆளு போவான். நான் சரின்னுட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் பேச்சியம்மா கேக்கா. என்னைய யாரும் அதுக்கு முன்னால எதுக்கும் கூப்பிட்டது இல்லையே.

கோர்ட்டுல மாட்டிக்கிடக் கூடாதுல்லா, அதனால பன்னெண்டு நாளு தோட்டத்து வீட்டுல வச்சுப் பாடம். பால்வண்ணம் தரையில சாக்பீசுல குளத்த வரைவாரு. இது மடை, இது உடமரம், நீ எங்க நின்ன? மொத வெட்டு எங்க? தப்பாச் சொன்னாச் செருப்பாலயே அடி. மூணாம் நாளு ஒரு அருவாளக் கையில குடுத்து வாழைத்தோப்புக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. வாழைய ஆவுடையப்பன்னு நினைச்சுக்கோ, ஏழு வெட்டும் வரிசையா வெட்டுன்னாரு. வாய்க்குப் பாடம் வந்தாப் பத்தாது, கைக்கும் வரணும், போலீசு நடிச்சுக் காட்டச் சொல்லுவான்னாரு. நாப்பது அம்பது வாழை போச்சு. குலை தள்ளுன வாழை. முதலாளி ஒரு சொல்லு சொல்லல. வெட்ட வெட்ட உள்ளங்கையில கொப்புளம் வந்து ஒடஞ்சு காய்ப்பே விழுந்துபோச்சு. இந்தா பாருங்க, இன்னும் இருக்கு.

அப்பம் நீ செய்யலதானேன்னு கேப்பீங்க. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுதாங்க. ராசதுரை ஒரே ஒரு மத்தியானம் வெட்டுனாரு. வெட்டிட்டுக் குளிச்சிட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நான் இருபத்திரண்டு வருசமா வெட்டிக்கிட்டு இருக்கேன். ஜெயில்ல புதுசா எவன் வந்தாலும் சொல்லணும், சொல்லும்போதெல்லாம் வெட்டணும். தூக்கத்துல வெட்டுவேன். பக்கத்துல படுத்தவன் எழுந்து ஓடிருவான். வாழையில தண்ணிதான் வரும், தெரியும். ஆனா எனக்கு நினைச்சாத் தெரியறது ரத்தந்தான். கையில பிசுபிசுன்னு ஒட்டும். அப்பம் அந்தக் கொலை யாருக்குச் சொந்தம்? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு இருக்கு. அந்த 'கொம்பையா நீயா' இருக்கே, அது பால்வண்ணம் சொல்லித் தந்த பாடத்துல கெடையாது. ஜெயிலுக்குப் போன ரெண்டாவது வருசம், தட்டக் கழுவிக்கிட்டு இருக்கேன், தானா ஞாபகம் வந்துச்சு. காதுல அப்படியே கேட்டுச்சு. நான் அங்க இல்லைன்னா அது எனக்கு எப்படிக் கேக்கும்? அது மட்டும் கேக்காம இருந்திருந்தா நானும் ஒத்துக்கிட்டுப் போயிருப்பேன், ஆமாய்யா நான் அங்க இல்லைன்னு. கேட்டுச்சே.

காதுக்குப் பின்னாலயா? என்ன அது? காஞ்சிருக்கா? தண்ணியத் தொட்டுத் தொடச்சிருங்க. சரியாத் தேய்க்கல போலிருக்கு. இந்தப் பக்கம் கன்னத்த வழிங்க.

ராசதுரை போயி விழுந்த மறுநாளு நான் டீக்கடைக்குப் போறேன். பெஞ்சுல ஒருத்தனும் நகரல. மாரிசெல்வம்னு ஒருத்தன், என் தோளுக்கு வருவான், அவன் சொல்லுதான், 'பூனை வந்திருக்கு, பால் ஊத்துங்கவே'ன்னு. இருபத்திரண்டு வருசத்துக்குப் பொறவு அந்தப் பேரு. கையில இருந்த கண்ணாடிக் கிளாஸ அவன் மூஞ்சியிலயே ஒடச்சேன். புருவம் கிழிஞ்சு தொங்குது. நாலு தையல் போட்டாங்க. அண்ணாச்சி, ரத்தம் வாய்க்குள்ள வடியுது, அவன் சிரிக்கான். சுத்தி நின்னவன் எல்லாம் சிரிக்கான். முன்னெல்லாம் நான் செருமினா எழுந்திரிப்பான் பாத்துக்கிடுங்க.

வீட்டுக்கு வந்தா பேச்சியம்மா பொங்கல் வச்சிருக்கா. முப்பிடாதி கோயிலுக்கு நேந்துக்கிட்டாளாம். என் கை ரெண்டையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடுதா. 'இருபத்திரண்டு வருசம் கொலைகாரன் பொண்டாட்டியா இருந்தேன். எம் புருசன் கை சுத்தம், எம் புருசன் கை சுத்தம்'னு அழுதா. ஓங்கி ஒண்ணு விட்டேன். முன்பல்லு ரெண்டும் போச்சு. கோவில்ல கெடா வெட்டும்போது என்னையப் பாத்துச் சிரிச்ச பல்லு அது.

அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்கும் ஒரு பேரு இருக்கும்லா, ஒருத்தன் வந்து அத உரிச்சுட்டுப் போனா அப்பம் தெரியும்.

எனக்கு ஒரே மக, செண்பகம். பால்குடியா விட்டுட்டு உள்ள போனேன். இப்ப வயசு இருபத்திமூணு. அஞ்சு சம்மந்தம் வந்து வாசலோட திரும்பிப் போச்சு, கொலைகாரன் பொண்ணுன்னு. பேச்சியம்மா அழுவா, நான் அழ மாட்டேன். அஞ்சு குடும்பம் என் பேரக் கேட்டுப் பயந்து ஓடியிருக்குன்னா சும்மாவா? இப்ப ராசதுரை பேசுன பேச்சு காதுல விழவும், ஆறாவதா ஒரு குடும்பம், நல்ல குடும்பந்தான், பையன் ஈபியில இருக்கான், வாறோம்னுட்டாங்க. புதன்கிழமை பூ வைக்க வாறாங்க. எம் மக ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. 'அப்பா, நீங்க செய்யலையாப்பா, நீங்க செய்யலையாப்பா'ன்னு அதையே சொல்லுதா. விவரம் தெரிஞ்சு அவ என்னையத் தொட்டது அதுதான் மொத தடவ. பிடிச்சுத் தள்ளிட்டேன். கதவு நிலையில போயி மண்டை இடிச்சுது. எழுந்திரிச்சு, தலையத் தடவிக்கிட்டு, அப்பவும் சிரிச்ச முகமாத்தான் நிக்கா.

சிரிச்ச முகமாத்தான் நின்னா.

சரி. இன்னைக்குக் காலையில விடிஞ்சதும் ராசதுரையப் போயிப் பாத்தேன். முதலாளி போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு, தம்பி இப்ப அந்தத் தோட்டத்து வீட்டுலதான் கெடக்காரு. அதே வீடு. அதே வாழைத்தோப்பு, இப்ப மறுகன்னு வளந்து நிக்கு. வேலைக்காரப் பொம்பள பால் வாங்கப் போயிருந்தா. பையில அருவா இருந்துச்சு, இருக்கட்டும்னு கொண்டு போனதுதான். வெட்டணும்னு போகல. சத்தியமாச் சொல்லுதேன். அவரு சொன்னத அவரே மாத்திச் சொல்லணும், அம்புட்டுத்தான். காய்ச்சல்ல உளறிட்டேன், கொம்பையாதான் வெட்டுனான்னு ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை. அதுக்குத்தான் போனேன்.

வேப்பமரத்தடியில கட்டில்ல படுத்திருந்தாரு. வாய் ஒரு பக்கம் கோணிருச்சு. என்னையப் பாத்ததும் நல்ல கையத் தூக்கி, 'வா கொம்பையா, சாப்பிட்டியா'ன்னாரு.

நான் கேட்டேன். அவரு மாட்டேன்னுட்டாரு. 'உனக்கு நல்லதுதான செஞ்சிருக்கேன், உன் மகளுக்கு நல்லது நடக்கப் போவுது, என் பாவத்த என்கிட்ட குடுத்துரு'ங்காரு. குடுக்கணுமாம். இருபத்திரண்டு வருசம் நான் தூக்கிச் சுமந்தத அவரு கேக்கும்போது குடுத்துரணுமாம். நான் சொன்னேன், சின்ன முதலாளி, நான் அங்க இருந்தேன், ஆவுடையப்பன் என் பேரச் சொன்னாரு, 'கொம்பையா நீயா'ன்னாரு, எனக்குக் கேட்டுச்சுன்னு.

அவரு அப்புறம் மெதுவாச் சொல்லுதாரு, 'ஏல, அவன் ஒண்ணும் சொல்லல. மடையில குத்தவச்சுக் கால் கழுவிக்கிட்டு இருந்தான். நான் பின்னால போயிப் பிடரியில போட்டேன். மொத வெட்டுலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. திரும்பவே இல்ல. யாரு வெட்டுனான்னே அவனுக்குத் தெரியாது. சைக்கிளும் இல்ல, செயினும் இல்ல, அது பால்வண்ணம் கட்டுன கதை. மிச்சம் ஆறும் பயத்துல நான் வெட்டுனது'ன்னாரு.

அண்ணாச்சி, அந்த நேரத்துல எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. திரும்பவே இல்லைன்னு சொல்லிட்டாரே. அப்பம் என் மூஞ்சிய யாரு பாத்தா? பையில கை போனது தெரியும். மொத வெட்டு இடது தோளு. பாடப்படிதான். கைக்குத்தான் தெரியுமே.

சிக்கிக்கிடுச்சு.

அருவா எலும்புல சிக்கிக்கிடுச்சு அண்ணாச்சி. இழுத்தா வரல. வாழையில சிக்காது. ஒரே சீவல்ல எறங்கிப் போயிரும். எலும்புல சிக்கும், கால வச்சு மிதிச்சுத்தான் இழுக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல. அப்புறம் அந்த வாடை. சூடா ஒரு வாடை வந்துச்சு. இருபத்திரண்டு வருசத்துல ஒரு தடவ எனக்கு அந்த வாடை ஞாபகம் வந்தது கெடையாது. கட்டிலுக்குப் பக்கத்துலயே வாந்தி எடுத்தேன். கோழி அறுக்கும்போது கை நடுங்கும்லா, அதே நடுக்கம். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் அதுக்கு முன்னால யாரையும் வெட்டல.

இன்னொரு தடவ சொல்லட்டுமா? நான் ஆவுடையப்பன வெட்டல. நான் அங்க இல்ல. அன்னைக்கு மத்தியானம் நான் டிராக்டருக்கு டயர் மாட்டிக்கிட்டு இருந்தேன்.

ராசதுரை சாகல அப்போ. என்னையப் பாத்துக்கிட்டே கெடக்காரு. அப்பச் சொன்னாரு. 'கொம்பையா... நீயா'ன்னாரு.

சொன்னாரு அண்ணாச்சி. என் காதால கேட்டேன். ஆனா பயமே இல்ல. கண்ணுல ஒரு பொட்டு பயம் இல்ல. எப்படிச் சொல்லுவேன். பெத்தவன் பிள்ளைய எங்கயோ பாக்கக் கூடாத எடத்துல பாத்துட்டா எப்படிக் கேப்பான், அப்படிக் கேட்டாரு. இத்தன வருசமா நான் அத எப்படிச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஜெயில்ல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், எம் மக முன்னாலயும் சொன்னேன். எல்லாம் தப்பு. அந்தச் சொல்லு அப்படி இருக்காது.

ஏழுன்னு பாடம். மூணுதான் முடிஞ்சுது. மூணாவதுல அவருக்கு மூச்சு அடங்கிருச்சு. மிச்சத்துக்குக் கை தூக்க வரல.

கத்தி எதுக்குக் கீழ வச்சீங்க? பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் செய்ய மாட்டேன். எங்கயும் ஓடவும் மாட்டேன். இங்கன இருந்து கோர்ட்டு நாலு கடை தள்ளித்தான இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கண்ணாடியில என்னையப் பாத்து, 'கொம்பையா, நீயா'ன்னு ஒரு தடவ சொல்லுங்க. சும்மா சொல்லுங்க. எனக்காக.

அப்படித்தான். இப்ப சொன்னீங்கள்லா, குரலு நடுங்குச்சுல்லா, அப்படியேதான் நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரு அப்படிச் சொல்லல.

போயி நின்னா கோர்ட்டு குமாஸ்தா மொதல்ல கேப்பான், இந்தத் தடவ யாருக்குப் பதிலா வந்திருக்கன்னு. கேக்கட்டும். போன தடவ நாக்கு ஒரு எடத்துல தடுமாறல. இன்னைக்கு எப்படி வருமோ தெரியல, யாரும் சொல்லித் தரலையே.

இன்னைக்குத் திங்கக்கிழமைதான? புதன்கிழமை பூ வைக்க வாறாங்க. செண்பகத்துக்குப் பச்சைக் கலர்ல சேலை எடுத்திருக்கா பேச்சியம்மா. வருவாங்களா அண்ணாச்சி? நீங்க என்ன நினைக்கீங்க?

சரி, விடுங்க. கத்திய எடுங்க, மிச்சத்தையும் வழிச்சிருங்க. மீசையையும் எடுத்திருங்க. மொதத் தடவ கோர்ட்டுக்குப் போகும்போது எனக்கு மீசை கெடையாது.